வில்லுக்கு எதற்கு உடும்புப்பிடி?

போன சனிக்கிழமை காலை ஒருவர் வகுப்பில் சேர வந்தார். 34 வயது, பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் திருச்சி. தோளில் செல்லோ (முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுத்து வாசிக்கும், வயலினின் பெரிய உறவுக்கார வாத்தியம்), வலது பெருவிரலில் பேண்டெய்டு, மணிக்கட்டைச் சுற்றி க்ரேப் பேண்டேஜ். "வண்டியிலிருந்து விழுந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ், ப்ராக்டிஸ்" என்றார். குரலில் லேசான பெருமை வேறு.

இந்த வருடம் இப்படிக் கட்டோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். சரி, வாசியுங்கள் என்றேன். வில்லைக் கையில் எடுத்ததுமே விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. பெருவிரல் உள்பக்கமாக மடிந்து பூட்டிக்கொண்டது. தோள் காதைத் தொடப் போனது. ஏன் இப்படி என்று கேட்டால், "சத்தம் வர மாட்டேங்குது மிஸ், அதான் அழுத்துறேன். வலி போகப்போகப் பழகிடும்னு முன்னாடி சொல்லிக்கொடுத்த சார் சொன்னார்" என்கிறார்.

பழகாது. 18 வருடமாக பெங்களூரில் செல்லோ சொல்லிக்கொடுக்கிறேன். வலி பழகிப்போன ஒரு கையைக்கூட நான் பார்த்ததில்லை. வலியோடு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, அப்புறம் ஆறு மாதம் வாத்தியத்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'அழுத்தினால்தான் சத்தம் வரும்' என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். வகுப்பில் நூறு முறை சொன்னதை இங்கே இன்னொரு முறை சொல்கிறேன். செல்லோ வில்லின் எடை சுமார் 80 கிராம். உங்கள் கைப்பேசி அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அதை யாரும் இப்படி நெரிப்பதில்லை. வில் செய்வது என்ன? ரோசின் என்கிற மரப்பிசின் தடவிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மயிர் மறுபடி பற்றுகிறது. ஏ தந்தியில் இது நொடிக்கு 220 முறை நடக்கிறது. தடித்த சி தந்தியில் ஏறத்தாழ 65 முறை. நழுவ விட்டால்தான் நாதம். அமுக்கினால் தந்தி நழுவ முடியாமல் திணறும். உங்கள் வீட்டில் கேட்கும் அந்தக் 'கர்ர்' அதுதான். அதைக் கேட்டுப் பயந்து இன்னும் கொஞ்சம் அமுக்குகிறீர்கள்.

தந்தி கேட்பது எடையை. மொட்டைமாடிக் கொடியில் ஈரத் துண்டைப் போட்டால் கொடி தாழ்கிறது. துண்டு கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டா தாழ்த்துகிறது? அது பாட்டுக்குத் தொங்குகிறது. ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. அதில் ஒரு பங்கைத் தந்தியில் சாய்த்தாலே தாராளம். ஆனால் தோளைத் தூக்கிய அந்த நிமிடமே கொடியில் கிடந்த துண்டை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். எடை போய்விட்டது, விரலால் ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். முழுக் கையும் செய்ய வேண்டிய வேலையைப் பெருவிரலின் அடித் தசை மட்டும் செய்தால் அது வலிக்காமல் என்ன செய்யும்?

பெருவிரல் பூட்டிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். நம்பாவிட்டால் இப்போதே பாருங்கள். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பலமாக அழுத்திக்கொண்டு மணிக்கட்டை ஆட்டுங்கள். மரக்கட்டை மாதிரி இருக்கிறதா? இதே கையோடுதான் வில் திருப்பும் இடத்தில் சத்தம் வெட்டுகிறதே என்று என்னிடம் புகார் சொல்கிறார்கள்.

சரி, எப்படித்தான் பிடிப்பது? சூடான காபி டம்ளரை விளிம்பில் பிடித்துத் தூக்குவீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலும் நடுவிரலும் எதிரெதிரே நின்று தூக்கும், மற்ற விரல்கள் துணைக்கு வரும். வில்லிலும் அப்படித்தான். பெருவிரல் வெளிப்பக்கமாக மடங்கி, அதன் நுனியோரம், வில்லின் கைப்பிடி முனையிலுள்ள ஃப்ராக் என்கிற கட்டையும் தோல் சுற்றிய குச்சியும் சேரும் இடத்தில் படட்டும். நேர் எதிரே நடுவிரல். மோதிர விரலும் சுண்டுவிரலும் ஃப்ராக்கின் பக்கவாட்டில் சும்மா தொங்கட்டும். ஆள்காட்டி விரல் குச்சியின் மேல் சாய்ந்திருக்கட்டும். விரல்களை விரித்து நீட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். கையைத் தொங்கவிட்டால் விரல்களுக்கு நடுவே தானாக எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதுவே போதும்.

கர்நாடக வயலினிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம் வாத்தியம், அந்தக் கைக்கு நான் வணக்கம் வைப்பவள். ஆனால் வயலினில் வில் தந்தியின் மேல் உட்கார்ந்திருக்கும். செல்லோ நம் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. கையை எடுத்தால் வில் தரையில்தான். அந்தப் பயத்தில்தான் பிடி இறுகுகிறது. போதாததற்கு வயலினில் வில் கைப் பக்கம் மெல்லிய தந்தி, இங்கே தடித்தது. சுண்டுவிரலைக் குச்சியின் மேல் வளைத்து நிறுத்தும் பழக்கத்தையும் வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள்.

தளர்வு என்றதும் சிலர் கையை வாழைத்தண்டு மாதிரி விட்டுவிடுகிறார்கள். அதுவும் தப்பு. கோலம் போடும்போது மாவை இறுக்கிப் பிடித்தால் கோடு அறுந்துபோகும், மொத்தமாக விட்டால் கொட்டிவிடும். அம்மாக்கள் யோசிக்காமலே கோட்டுக்கேற்ப விரலைத் தளர்த்தி இறுக்கிப் போடுவார்கள். வில்லிலும் பிடி நொடிக்கு நொடி மாறும். ஃப்ராக் பக்கம் வில்லே கனம், அங்கே கையைச் சும்மா விடலாம். நுனி இலேசு. அங்கே போகும்போது பூட்டில் சாவி திருப்புவதுபோல முன்கையை லேசாக உள்பக்கம் திருப்பினால் ஆள்காட்டி விரல் வழியாக எடை இறங்கும். நுனியில் சத்தம் மெலிகிறது என்று பெருவிரலை நசுக்குபவர்கள் பத்தில் எட்டுப் பேர் என்பது என் வகுப்புக் கணக்கு.

முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்கச் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். செல்லோ மேதை பாப்லோ கசல்ஸ் சிறுவனாகப் படித்த காலத்தில் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்கச் சொல்வார்களாம். அந்த வயதிலேயே அவருக்கு அது அபத்தமாகப் பட்டது, கையை விடுவித்துக்கொண்டார். அதே மனிதர் 1971-ல், 94 வயதில், ஐ.நா. சபையில் செல்லோ வாசித்தார். புத்தகத்தை அலமாரியிலேயே வையுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். டி தந்தியில் நீளமாக இழுங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரலைத் தூக்குங்கள், வையுங்கள். அப்புறம் மோதிர விரல், அப்புறம் ஆள்காட்டி. வில் விழவில்லையே? அடுத்து, வில்லின் நடுப்பகுதியைத் தந்தியில் வைத்துக்கொண்டு பெருவிரலை எடுத்துவிட்டு நாலைந்து சின்ன இழுப்பு. வில்லைத் தந்தியும் சேர்ந்துதான் தாங்குகிறது என்பது கைக்குப் புரிந்தால் பாதி நோய் போய்விடும். ஒவ்வொரு இழுப்பிலும் மூச்சை விடுங்கள். கஷ்டமான இடம் வந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், கையும் கூடவே பிடித்துக்கொள்கிறது. இடது கையும் இதே ஜாதிதான்: பெருவிரலைச் செல்லோவின் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு வாசிக்க முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் பிரேக்கைப் பிடித்துவிட்டு வந்த கையால் நேராக வில்லைத் தொடாதீர்கள். 10 நிமிடம் உட்காருங்கள், வெந்நீரில் கை கழுவுங்கள். இன்னொன்று அடுக்குமாடி வீட்டு வழவழ டைல்ஸ். எண்ட்பின் (செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி) வழுக்கும், செல்லோ நழுவும், அதை முட்டியால் நெருக்கிப் பிடிப்பீர்கள், அந்த இறுக்கம் வில் விரல் வரை ஏறும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய ஜமக்காளத்தை விரியுங்கள். சோபாவில் உட்கார்ந்து வாசிப்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

பெற்றோர்களே, தயவுசெய்து. "இவ கை ரொம்ப சாஃப்டா இருக்கு மிஸ், டைட்டா பிடிக்கச் சொல்லுங்க" என்று போன மாதம் ஒரு அம்மா சொன்னார். பத்து வயதுக் குழந்தை கையில் பெரியவர்கள் வில். வளர்ந்துவிடுவாள் என்று முன்கூட்டியே வாங்கியிருக்கிறார்கள். பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் பெரிதாகத் தைப்பதுபோல வாத்தியம் வாங்கக் கூடாது. முக்கால், அரை, கால் அளவெல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. இசை கிரேடு தேர்வு நெருங்குகிறது என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். 20 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் எழுந்து கையை உதறட்டும்.

விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, பெருவிரலின் அடியில் தொட்டாலே சுரீரென்றாலோ தைலம் தேய்த்துக்கொண்டு வகுப்புக்கு வராதீர்கள். எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். அதற்கு நான் ஆள் இல்லை. திருச்சிக்காரரையும் அங்கேதான் அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு வில் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். (மயிரைத் தளர்த்திவிட்டு வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன், இன்று போன் செய்ய வேண்டும்.)

வாட்ஸ்அப்பில் பயிற்சி வீடியோ அனுப்புகிறீர்களே, அதை முன்னாலிருந்து எடுக்காதீர்கள். முகமும் சட்டையும் அழகாகத் தெரிகின்றன, பெருவிரல் குச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கைப்பேசியை உங்கள் வலது தோளுக்குப் பின்னால் வைத்து எடுங்கள். முகம் வராவிட்டாலும் பரவாயில்லை.