வலிக்காத கழுத்துக் கட்டியும் சாக மறுக்கும் செல்களும்

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் வீட்டில் முதலில் கேட்பது "வலிக்குதா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்போ விடு, தானா அமுங்கிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ஆய்வகத்தில் வேலை செய்யும் எனக்கு இந்த ஆறுதல் மிகவும் கவலை தருகிறது. வலியோடு சட்டென்று வீங்கும் நெறிக்குப் பெரும்பாலும் தொண்டைப் புண், சொத்தைப் பல் என்று ஏதாவது ஒரு தொற்று காரணமாக இருக்கும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்லப் பெரிதாகும் கட்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

புற்றுநோய் என்றால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று படித்திருப்போம். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் அப்படியல்ல. அதன் செல்கள் பெரும்பாலும் நிதானமாகத்தான் பெருகுகின்றன. ஆனால் சாக வேண்டிய நேரத்தில் சாவதில்லை.

நம் உடலில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இதற்கு அபோப்டோசிஸ் என்று 1972-ல் கெர், வைலி, கரி மூவரும் பெயரிட்டார்கள். இந்தச் சாவை மரபணுக்கள்தான் நடத்துகின்றன என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் தெரியவந்தது. அந்தப் புழு வளரும்போது உருவாகும் 1090 உடற்செல்களில் 131 செல்கள் தவறாமல் சாகின்றன. அந்தப் புழு ஆராய்ச்சிக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாவைத் தூண்டும் மரபணுக்களும் உண்டு, தடுக்கும் மரபணுக்களும் உண்டு. மனிதர்களிடம் தடுக்கும் மரபணுக்களில் முக்கியமானது பிசிஎல்-2.

நெறி கட்டும்போது வீங்குவது நிணநீர் முடிச்சு. அதற்குள் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கிருமிக்கு ஏற்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்யும் இடங்கள் உண்டு. அங்கே உருவாகும் செல்களில் பெரும்பாலானவை தேறாதவை. அவை சாக வேண்டும். அதற்காகவே அந்த இடத்தில் பிசிஎல்-2 அணைந்திருக்கும். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்கு, 18-வது குரோமோசோமில் இருக்க வேண்டிய இந்த மரபணு முறிந்து 14-வது குரோமோசோமில் போய் ஒட்டியிருக்கும். அங்கே அதற்குப் பக்கத்தில் இருப்பது எதிர்ப்பொருள் தயாரிக்கும் மரபணு. பி செல்லில் அந்தப் பகுதி ஓய்வதே இல்லை, அதனால் பிசிஎல்-2 புரதமும் நிற்காமல் உற்பத்தியாகிறது. 1988-ல் மெல்போர்னில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் மூவரும்தான் இந்த மரபணு செல்லைப் பெருக்கவில்லை, சாகாமல் காக்கிறது என்று காட்டினார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் இது கண்ணுக்குத் தெரியும். பிசிஎல்-2 சாயம் போட்டால், சாதாரணத் தொற்றில் அந்த வட்ட வட்டமான இடங்கள் நிறம் பிடிக்காமல் நிற்கும், லிம்ஃபோமாவில் பழுப்பாகிவிடும். இந்த வட்டங்களைப் பார்க்க முடிச்சு முழுசாக வேண்டும். ஊசி வைத்து எடுக்கும் டெஸ்டில் தனித்தனிச் செல்கள்தான் வரும், அமைப்பு தெரியாது. ஆகவே டாக்டர் முழு முடிச்சையும் எடுக்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பது உண்மையல்ல. அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து.

அதைவிட எனக்கு ஆதங்கம் ஸ்டீராய்டு மீது. நெறி கட்டியிருக்கிறது என்று டெக்ஸா ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் கட்டி சில நாளில் சுருங்கும், எல்லோருக்கும் நிம்மதி. நிணநீர்ச் செல்களுக்கு ஸ்டீராய்டு ஒரு வலுவான மரணச் செய்தி. லிம்ஃபோமா செல்களும் கொஞ்சம் செத்து விழும், ஆனால் நோய் தீராது. அப்புறம் வரும் பயாப்ஸியில் செத்த செல்களின் சிதறல்தான் இருக்கும். என்ன நோய் என்று சொல்ல முடியாமல் மறுபடி கட்டி வளரும்வரை காத்திருக்க நேரிடும். உயிருக்கு அவசரம் என்றால் தவிர, பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம்.

டிபி விஷயமும் இப்படித்தான். நம் நாட்டில் கழுத்துக் கட்டி என்றால் டிபியை நினைப்பது சரியே. ஆனால் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இரண்டு நோயிலும் வரும். திசுவைப் பார்க்காமல் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். எடுத்த முடிச்சில் ஒரு துண்டை ஃபார்மலினிலும் (திசு கெடாமல் காக்கும் திரவம்) ஒரு துண்டை சலைனிலும் (உப்புநீர்) அனுப்பினால் இரண்டு நோய்க்கும் ஒரே சமயத்தில் விடை தேடலாம். ஃபார்மலினில் போட்ட துண்டில் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

பிசிஎல்-2 புரதத்தை அடக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நன்றாக வேலை செய்வது சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோயில். ஃபாலிக்குலர் லிம்ஃபோமாவில் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு. சிஎல்எல்லில் 20 மில்லிகிராமில் தொடங்கி வாராவாரம் கூட்டி 400-க்குப் போவார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் ஏராளமான செல்கள் ஒன்றாகச் செத்து, அவற்றின் உப்புகளும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். முதல் வாரங்களில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்வதும் இதனால்தான். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால், வேறு எந்த மாத்திரை எடுப்பதானாலும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்கப் போகிறீர்கள் என்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. முதல் ஆய்வகத்தில் கேட்டு திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிச் செல்லுங்கள். அந்த பிளாக் இருந்தால் இன்னொருவர் பிசிஎல்-2 சாயத்தைப் புதிதாகப் போட்டுப் பார்க்க முடியும்.