பிரேக் மிதிக்கும்போது எங்கே அதிர்கிறது?

"பிரேக் சரியில்லை, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நான் அவர்களை நிறுத்தி நாலு கேள்வி கேட்பேன். எந்த வேகத்தில் அப்படி ஆகிறது? லேசாக மிதிக்கும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா? ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, பெடலிலா, உட்கார்ந்திருக்கும் சீட்டிலா? எடுத்தவுடனேயா, கொஞ்ச தூரம் ஓடிய பிறகா? பாதி வேலை இந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும். இதைக் கேட்காமல் பேடை, அதாவது வீலோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை, மட்டும் மாற்றி அனுப்பிய வண்டிகள் அதே புகாரோடு திரும்பி வந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதிகம் வரும் புகார் அதிர்வுதான். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடும், காலை எடுத்தால் நின்றுவிடும். பிரேக் பிடிக்காமலேயே ஆடினால் அது வேறு. வீல் பேலன்ஸையும் டயரையும் முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கம் டிஸ்க்கையோ டிரம்மையோ சந்தேகப்படுவேன்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது எல்லோரும் சொல்லும் வார்த்தை. உண்மையில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் வளைந்திருக்காது. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் ஆகியிருக்கும், அல்லது பேட் பொருள் ஓரிடத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். ஒரு வண்டிக்கு வேறு இடத்தில் இரண்டு முறை டிஸ்க் மாற்றியிருந்தார்கள். மாற்றியதும் நன்றாக இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஆட ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் டிஸ்க் உட்காரும், வீலின் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு தடிப்பாக இருந்தது. புது டிஸ்க்கும் அதன்மேல் சாய்வாக உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு முறை பேடில் உரசி, மெல்ல மெல்லத் தேய்ந்திருக்கிறது. துருவைச் சுத்தமாக எடுத்து, புது டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த அதிர்வு வரவே இல்லை. வீல் போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறாக முறுக்கினாலும் இதே கதைதான். டயர் மாற்றிய பிறகு அதிர்வு தொடங்கியது என்றால் அதை மறக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

அடுத்தது ஒரு பக்கம் இழுப்பது. பிரேக் பிடிக்கும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தால் வலது பிரேக்கில்தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் வலது ஒழுங்காகப் பிடிக்கிறது, இடதுதான் பிடிக்கவில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளே வீங்கி ஆயில் போகிற வழியை அடைத்திருக்கலாம். ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும் என்பதால் இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தொடாமல், நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பெடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஆயில் பழசாகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, கால் தரைவரை போய்விடும். பல கம்பெனிகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பெடல் கட்டை மாதிரி இறுகியிருந்தால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரைச் சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் (உறிஞ்சு விசை) வருகிறது. இறங்கவே இல்லை என்றால் பூஸ்டரையும் அதன் குழாயையும் பார்க்க வேண்டும்.

பலரையும் குழப்புவது இன்னொன்று. காய்ந்த சாலையில், வண்டி நிற்கப் போகிற கடைசி சில மீட்டரில் பெடல் கடகடவென்று காலுக்குள் உதறும். மிதிப்பதும் லேசாகத்தான் இருக்கும். வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு தேவையில்லாமல் வேலை செய்கிறது. வீல் வேகத்தை அளக்கும் சென்சார் உட்காருமிடத்தில் துரு ஏறினாலோ, அதன் பல்வளையம் வெடித்தாலோ, மெதுவான வேகத்தில் ஒரு வீலின் சிக்னல் அறுந்துபோகும். அந்த வீல் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் நினைத்து பிரேக்கை விடுவிக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாமலே இது நடக்கலாம். ஸ்கேனரில் நாலு வீல் வேகத்தையும் ஒன்றாகப் பார்த்தால் எது முந்திப் பூஜ்யத்துக்குப் போகிறது என்று தெரியும். ஈரச் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது இதே உதறல் வந்தால் பயப்பட வேண்டாம், காலை எடுக்காமல் மிதித்தே இருங்கள்.

சத்தம் எளிது. கீச்சென்றால் பேட் முடியப்போகிறது என்று எச்சரிக்க அதில் வைத்த தகட்டின் குரலாக இருக்கலாம். 3 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இரும்பு உரசும் சத்தம் என்றால் பேட் தீர்ந்து டிஸ்க்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஆயில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது.

சிக்னலில் மிதித்துக்கொண்டு நிற்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்கினால் மட்டும் என்னிடம் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் விட்டுவிட்டது, அல்லது ஆயில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டு அழையுங்கள், இழுவை வண்டி அனுப்புகிறேன்.