சைல்ட்கேரில் லாக்டவுன்: ஆஸ்திரேலிய விதி சொல்வதும் பெற்றோர் கேட்க வேண்டியதும்

"இன்று காலை லாக்டவுன் ஒத்திகை நடந்தது. குழந்தைகள் எல்லோரும் நலம்." இப்படி சைல்ட்கேரிலிருந்து, அதாவது குழந்தைகள் பராமரிப்பு மையத்திலிருந்து, செய்தி போனதுமே சில பெற்றோர் பதறிப்போய் போன் செய்வார்கள். அந்தப் போனை எடுத்துப் பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒத்திகை நடந்தால் நிம்மதியாக இருங்கள். பல மாதங்களாக அப்படி ஒரு செய்தியே வரவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

இந்த லாக்டவுன் கொரோனா கால ஊரடங்கு அல்ல. வெளியே ஏதோ ஆபத்து இருக்கும்போது குழந்தைகளை அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் உட்கார வைப்பது. வாசலில் ஒருவர் கூச்சலிட்டு ரகளை செய்யலாம், பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடிக்கொண்டிருக்கலாம், விளையாட்டு முற்றத்தில் பாம்பு வந்திருக்கலாம். குழந்தையை அழைத்துப் போக நீதிமன்றம் தடை விதித்த உறவினர் வந்து நிற்பதும் நடக்கக்கூடியதே. தீ என்றால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், லாக்டவுன் என்றால் எல்லோரும் உள்ளே வர வேண்டும். அதனால் இரண்டுக்கும் ஒரே மணியை அடிக்கக் கூடாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியக் கல்வி, பராமரிப்பு விதிமுறைகளில் 97ஆம் விதிதான் இதற்கு அடிப்படை. அது அவசரநிலை என்று பொதுவாகவே பேசுகிறது, லாக்டவுனும் அதற்குள் அடங்கும். எந்த மாதிரி அவசரநிலைகள் அந்த இடத்தில் வரக்கூடும் என்று மையம் முன்கூட்டியே ஆராய்ந்திருக்க வேண்டும். என்ன செய்வது என்ற வழிமுறையும் தரை வரைபடமும் ஒவ்வொரு வெளிவாசல் அருகிலும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்தி, அதை எழுதி வைக்க வேண்டும். வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபேமிலி டே கேருக்கும் இது பொருந்தும்.

இந்த 3 மாதக் கணக்கில்தான் ஒரு ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு யார் வந்திருக்கிறார்களோ அவர்கள்தான் ஒத்திகையில் கலந்துகொள்வார்கள். உங்கள் குழந்தை திங்களும் செவ்வாயும் மட்டும் போகிறது, ஒத்திகை எப்போதும் வியாழக்கிழமை நடக்கிறது என்றால், வருஷம் முழுக்க அந்தக் குழந்தை ஒரு முறைகூடப் பழகியிருக்காது. ஏட்டில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆகவே "கடைசியாக எப்போது நடத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தக் கிழமை? தீ ஒத்திகையா, லாக்டவுனா? என் குழந்தை அன்று இருந்தானா?" என்று கேளுங்கள். நல்ல மையங்கள் கிழமையை மாற்றி மாற்றி நடத்தும், சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் நேரத்திலும்கூட நடத்திப் பார்க்கும்.

கைக்குழந்தைகள் அறையில் இது எவ்வளவு சிரமம் என்று பாருங்கள். 2 வயதுக்குக் கீழே 4 குழந்தைகளுக்கு ஒரு எஜுகேட்டர் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) என்பது சட்டம் வைத்த அளவு. இரண்டு கைதான் இருக்கிறது. ஒன்று தொட்டிலில் தூங்கும், ஒன்று தவழ்ந்து கதவுப் பக்கம் போகும், இடுப்பில் இருப்பது அழும். அதனால்தான் சன்னலிலிருந்து தெரியாத மூலை எது, மருந்துப் பை எங்கே, வருகைப் பதிவு யார் கையில் என்று எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்து வைக்கிறோம். பிள்ளைகள் மூலைக்கு வந்து சேர்ந்ததும் ஒரே ஒரு பொம்மையை மெதுவாகக் கைமாற்றிக்கொண்டே இருப்பேன். கண் அந்தப் பொம்மை மேல் போய்விட்டால் பாதி அழுகை அடங்கிவிடும்.

பெற்றோருக்கு வருத்தம் தருவது அடுத்த விஷயம். உங்கள் குழந்தை உள்ளே இருக்கும் நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க 157ஆம் விதி உரிமை தருகிறது. ஆனால் நீங்கள் உள்ளே வருவது குழந்தைகளுக்கோ ஊழியர்களுக்கோ ஆபத்தாகும் என்றால் மறுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. லாக்டவுன் நேரத்தில் உங்களுக்காகக் கதவைத் திறந்தால், பின்னால் நிற்பவருக்கும் அது திறக்கும். வாசலுக்கு ஓடி வராதீர்கள், மையத்துக்கு விடாமல் போன் செய்யாதீர்கள், அந்த லைனில்தான் போலீஸ் எங்களை அழைக்கும். அம்மா வாசலில் நின்று அழுவது கேட்டும் கதவைத் திறக்காமல் இருப்பது எங்களுக்கும் லேசான காரியம் இல்லை.

அப்புறம், நிஜமாகவே ஆபத்தான நிலை வந்து போலீஸோ ஆம்புலன்ஸோ வந்தால், மையம் 24 மணி நேரத்துக்குள் மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தை தவறுதலாக அறைக்குள் பூட்டப்பட்டாலும், வெளியே விடுபட்டு, கதவு பூட்டப்பட்டாலும் இதே விதிதான். உங்கள் குழந்தைக்கு அடிபட்டாலோ மனதளவில் அதிர்ச்சி ஏற்பட்டாலோ 24 மணி நேரத்துக்குள் உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். மையத்தின் அவசரநிலைக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், மறுக்க முடியாது. லாக்டவுன் முடிந்ததும் குழந்தையை உங்களிடமோ நீங்கள் எழுதிக் கொடுத்த ஆட்களிடமோதான் ஒப்படைப்பார்கள். அந்தப் பட்டியலில் பழைய போன் எண் இருந்தால் இன்றே மாற்றுங்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலையும் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தை என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். எங்கள் அறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒரு அம்மா ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த நான்கு வரி: "வா கண்ணா", "உட்காரு", "சத்தம் வேண்டாம்", "அம்மா வருவாங்க". தமிழே தெரியாத என் தோழி ஒத்திகையில் அந்த நாலாவது வரியைத் தப்பும் தவறுமாகச் சொன்னாள். அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.