ரீபூட்: மறுதொடக்கமா, மறுவார்ப்பா?

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘மறுதொடக்கம்’ என்று தலைப்பிடுகிறார்கள். படிப்பவருக்கு என்ன புரியும்? நின்றுபோன கதை விட்ட இடத்திலிருந்து மீண்டும் ஓடப் போகிறது என்றுதான் புரியும். ரீபூட் என்பதன் பொருள் இதற்கு நேர் எதிர்: பழைய கதையில் நடந்த எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அதே பெயரில், முதலிலிருந்து வேறு கதை சொல்வது. ஒரு சொல்லின் தமிழாக்கம் அதன் எதிர்ப்பொருளைத் தருமானால் அதைக் கைவிடுவதே முறை.

சொல்லின் பிறப்பு எளிது. பூட்ஸ் காலணியை இழுத்து மாட்டிக்கொள்ள அதன் மேல்விளிம்பில் ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. கணினி தன்னை இயக்கும் நிரலைத் தானே ஏற்றிக்கொள்வதற்கு 1950களில் அந்த வாரின் ஆங்கிலப் பெயரான ‘பூட்ஸ்ட்ராப்’ வந்து, பிறகு ‘பூட்’ என்று சுருங்கியது. மறுபடி ஏற்றினால் ரீபூட். அங்கிருந்து அமெரிக்கச் சித்திரக்கதை வாசகர்களிடம் போய், அவர்கள் வழியாகத் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தது.

உவமை எங்கே பொருந்துகிறது என்பதுதான் முக்கியம். கணினியை ரீபூட் செய்தால் தற்காலிக நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழியும். வன்வட்டில் பதிந்தது அப்படியே இருக்கும். தொடரிலும் அதேதான். யார் யாரை மணந்தார், யார் இறந்தார், யார் துரோகி என்று தெரியவந்தது என்ற நினைவு முழுவதும் போய்விடும். பெயர்களும் கதையின் அடிப்படையும் தங்கும்.

‘மறுதொடக்கம்’ என்பதில் இந்த அழிவு எங்கே இருக்கிறது? ரயில் சேவை மறுதொடக்கம் என்றால் அதே தடத்தில் அதே ரயில். பேச்சுவார்த்தை மறுதொடக்கம் என்றால் முன்பு பேசியதன் மீதி. தமிழில் அந்தச் சொல் இடைநின்ற ஒன்றைத் தொடர்வதற்கே பழகியிருக்கிறது. கணினித் திரையில் ‘மறுதொடக்கம்’ என்று எழுதுகிறார்களே என்பார்கள். அங்கே தொடங்குவது இயந்திரம். அதே இயந்திரம்தான் மறுபடி எழுகிறது, ஆகையால் சொல் பொருந்துகிறது. கலைச்சொல் பட்டியலில் கணினித் தலைப்பின் கீழ் இருப்பதைப் பெயர்த்தெடுத்துக் கதையின் மேல் ஒட்டும்போதுதான் பிழை நேர்கிறது.

இந்தப் பிழை ரசிகர்களின் மனநிலையையும் திரித்துக் காட்டிவிடுகிறது. 1978இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விண்வெளித் தொடர் ஒரே பருவத்தோடு (சீசனோடு) நின்றது. மனிதர்களின் பன்னிரண்டு குடியேற்றங்களை சைலான்கள் என்ற இயந்திர மனிதர்கள் அழிக்க, தப்பியவர்கள் பூமியைத் தேடிக் கப்பல்களில் அலைவது கதை. அதில் அப்பல்லோ என்ற பாத்திரமாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச், கதை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். சொந்தச் செலவில் ஒரு முன்னோட்டமும் எடுத்துக் காட்டினார். ரசிகர்களில் ஒரு பெரும் பகுதி கேட்டதும் அதையே. அதுதான் உண்மையான மறுதொடக்கம்.

2003இல் எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ரொனால்ட் மூர் கொண்டுவந்தது வேறு. குடியேற்றங்களின் அழிவும் பூமியைத் தேடுவதும் அடாமா, அப்பல்லோ, ஸ்டார்பக், பால்டர் என்ற பெயர்களும் தங்கின. முன்பு ஊர்வன இனம் ஒன்று படைத்ததாகச் சொல்லப்பட்ட சைலான்கள் இப்போது மனிதர்களே செய்தவை. மனிதத் தோற்றத்திலும் உலவின. ஆணாக இருந்த ஸ்டார்பக் பெண்ணானார். டர்க் பெனடிக்ட் நடித்த அந்தப் பாத்திரத்தை கேட்டி சாக்காஃப் ஏற்றது பழைய ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. ‘பெயரில் மட்டும் கேலக்டிகா’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜினோ’ என்று புதுத் தொடருக்குப் பட்டமே வைத்தார்கள். அதே தொடர் ஒளிபரப்புத் துறையின் மதிப்புமிக்க பீபடி விருது பெற்றது. பழையதைப் பார்த்தே இராத ஒரு கூட்டத்தைச் சேர்த்தது. ஹேட்சும் டாம் ஸாரெக் என்ற புதுப் பாத்திரத்தில் வந்து நடித்தார். கோபித்தவர்கள் புதுமையை வெறுத்தவர்கள் என்று எழுதுவது எளிது. அவர்கள் கேட்டது தொடர்ச்சி, கிடைத்தது ரீபூட். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டால் அவர்கள் மனக்குறையைத் தமிழில் சொல்லவே வழியில்லை.

பிரித்தறிவது கடினமில்லை. பழைய நிகழ்வுகளைப் புதுக் கதையில் யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். 1989இல் நின்று 2005இல் திரும்பிய பிரிட்டிஷ் தொடர் டாக்டர் ஹூ, பருவ எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கியதால் பலர் ரீபூட் என்றார்கள். ஆனால் 2006இல் பழைய தோழி சாரா ஜேன் அதே நடிகையோடு வந்து, டாக்டர் தன்னை விட்டுப் போனதைச் சொல்லி வருந்துகிறார். நினைவு இருக்கிறது, ஆகவே தொடர்ச்சி. ரோசேன் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1997 இறுதிப் பகுதி நாயகியின் கணவர் டேன் இறந்துவிட்டதாகச் சொன்னது. 2018இல் திரும்பியபோது அவர் உயிரோடிருந்தார். சில நினைவுகளை மட்டும் அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டதால் அதுவும் தொடர்ச்சிதான், ஒட்டுப்போட்ட தொடர்ச்சி. நடிகர் மாறினாரா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறும்: நம் சீரியல்களில் நடிகர் மாறுவார், ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அறிவிப்போடு கதை நகர்ந்துகொண்டேயிருக்கும்.

சரி, ரீபூட்டுக்குச் சொல் எது? ‘மறு ஆக்கம்’ ரீமேக்குக்குப் போய்விட்டது. பாண்டியன் ஸ்டோர்ஸ் 2021இல் இந்தியில் பாண்டியா ஸ்டோர் ஆனது அந்த வகை. ‘மறுபிறவி’ கவர்ச்சியான சொல். ஆனால் முற்பிறவியின் வினை தொடரும் என்பதுதானே நம் மறுபிறவி? ரீபூட்டில் வினை தொடராது. ‘மீட்டுருவாக்கம்’ அகழாய்வாளர்களுடையது, உடைந்த பானையை முன்பிருந்தபடியே ஒட்டிக் காட்டுவது. ‘வழிநூல்’ மரபை ஒட்டி ‘வழித்தொடர்’ எனலாமா என்றால், நன்னூலே தடுக்கிறது. முன்னோர் நூலின் முடிபுகளோடு முழுதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாட்டைச் சேர்ப்பது வழிநூல் என்கிறது அது. முடிபை ஒப்புக்கொள்ளாததுதான் ரீபூட். ரீமேக்கை வேண்டுமானால் வழிநூல் எனலாம்.

மறுவார்ப்பு என்பதே பொருந்துகிறது. பழைய பாத்திரத்தை உருக்கி, அதே உலோகத்தைப் புது அச்சில் ஊற்றுவது வார்ப்பு வேலை. உலோகம் பழையது, உருவம் புதியது, முந்தைய உருவத்தின் நெளிவும் கீறலும் இதில் வராது. கேலக்டிகாவில் தங்கியது எது, போனது எது என்பதை இந்தச் சொல் அப்படியே காட்டுகிறது. வினையாகவும் வளையும்: தொடரை மறுவார்ப்புச் செய்தார்கள், மறுவார்த்த தொடர். ஒரு குறை உண்டு. உருக்கிய பாத்திரம் இல்லாமல் போகும், பழைய தொடரோ பார்க்கக் கிடைக்கும். உவமை அந்த அளவுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டே இச்சொல்லைப் பரிந்துரைக்கலாம். பேச்சில் ரீபூட் என்றே சொல்லட்டும், தவறில்லை. தமிழில் எழுதத் துணிந்தால் சரியான தமிழில் எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் உள்ள குறை இதுதான்: அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொண்டு, எதைப் பற்றிய செய்தி என்று பார்ப்பதில்லை. 2025இல் ஸ்மிருதி இரானியோடு திரும்பிய க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ என்ற இந்தித் தொடரை ஆங்கில ஏடுகளே ரீபூட் என்று தவறாக எழுதின. அது அதே நாயகி துளசி, அதே குடும்பம். பழைய கதையின் தொடர்ச்சி. ஆங்கிலத்தில் நேர்ந்த பிழையைத் திருத்தும் வாய்ப்பு தமிழில் எழுதுபவருக்கு இருந்தது. நம் சீரியல் தலைப்புகளும் இதே குழப்பத்துக்குத் துணைபோகின்றன. பாண்டியன் ஸ்டோர்ஸ் முதல் பாகம் அண்ணன் தம்பிகள் கதை. 2023இல் வந்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ ஒரு தகப்பனும் மகன்களும் என்று வேறு குடும்பத்தின் கதை. கடையின் பெயர் தங்கியது, கதை தங்கவில்லை. அதற்கு ‘2’ என்ற எண் பொருந்தாது, அது மறுவார்ப்பு. 2024 டிசம்பரில் சில நடிகர்கள் மாறியும் ‘எதிர்நீச்சல்’ தொடரின் அதே குடும்பத்தின் கதையை எடுத்துச் சென்றவர்கள் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று பெயரிட்டார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்த யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.