ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

"ஓஆர்எஸ் கொடுத்தும் பேதி நிக்கலையே டாக்டரம்மா" என்றார் ஒரு பாட்டி. மடியில் பத்து மாதப் பேரன், கண் உள்வாங்கிக் கிடந்தான். அந்த உப்பு-சர்க்கரைப் பொடியை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பாக்கெட். "குழந்தைக்கு ஒரு லிட்டர் எதுக்கு, வீணாத்தானே போகும்?"

சிக்கனம் தப்பில்லை, இடம்தான் தப்பு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. கெட்டியாகக் கலந்தால் உப்பும் சர்க்கரையும் உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. உறையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பாக்கெட் விலைக்கு அது நஷ்டமே இல்லை.

அப்புறம், ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. போன நீரை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார்.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில், கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஆறு மாதம் தாண்டியிருந்தால் கஞ்சி, இட்லி, பருப்புச் சாதமும் கொடுக்கலாம். கடையில் விற்கும் இனிப்பு ஜூஸ் ஓஆர்எஸ் ஆகாது. பேதியை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ஓஆர்எஸ்ஸோடு டாக்டர் எழுதித் தரும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரைதான் பாவம், இரண்டு நாளில் பேதி நின்றதும் அலமாரிக்குப் போய்விடுகிறது. 14 நாளும் கொடுக்க வேண்டும்.

தொக்கம் எடுக்க, குடலேற்றம் தட்ட என்று நாட்டு வைத்தியத்துக்கு அலைவதில் அரை நாள் போய்விடுகிறது. அந்த அரை நாளில் குழந்தை வற்றிவிடும். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்புச் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பால்புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலாடைக்கோ டம்ளருக்கோ மாறுங்கள். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு ஊட்டுங்கள்.

பாட்டியிடம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, என் முன்னாலேயே கலக்கச் சொன்னேன். "இவ்வளவு தண்ணியா இருக்கே" என்று முகம் சுளித்தபடியே கலக்கினார்.