மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம்

காட்டுத்தீ பிடித்த வருடத்தில் சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் கரிவாசம் கூடவே வரும். அப்புறம் ஒரு கோடை மழை பெய்யும். கொஞ்ச நாளிலேயே கருகிய சரிவில் பச்சை தெரியும். அப்பாடா, காடு பிழைத்துக்கொண்டது என்று தோன்றும். இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தால், பல இடங்களில் அந்தப் பச்சை உண்ணிச்செடியாக இருக்கும்.

சிறு வயதில் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்துத் தின்றோமே, அதே செடிதான். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பூவுக்காகக் கொண்டுவந்தார்கள். பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் விதையைக் காடெங்கும் போட்டன. இலையில் நஞ்சு இருப்பதால் மானும் மாடும் அதிகம் வாய் வைப்பதில்லை.

நம் இலையுதிர் காட்டில் சாதாரணத் தீ தரையோடு ஓடும். சருகு எரியும், புல் எரியும், தடித்த பட்டையுள்ள மரம் தப்பிவிடும். உண்ணி புதராக மண்டிய இடத்தில் கதை வேறு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரத்திலும் தொற்றி ஏறியிருக்கும் அதன் காய்ந்த குச்சிகள், தீ கிளைக்குப் போக ஏணி போட்டுக் கொடுக்கின்றன. மரம் சாகிறது, நிழல் போகிறது. வெயில் விழுந்த இடத்தில் உண்ணி இன்னும் செழிக்கிறது. ஏனென்றால் எரிந்தது குச்சி மட்டும்தான், கட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

முன்பெல்லாம் கோடை முற்றுவதற்குள் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்போம், அதில் உண்ணிக் கன்று கருகிவிடும், அதைத் தடுத்த பிறகுதான் புதர் மண்டியது என்று இந்தக் காட்டுப் பழங்குடிகளான சோளகர்களில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

புதருக்கடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மான், காட்டெருமை, யானை எல்லாவற்றுக்கும் மேய்ச்சல் சுருங்கும். தாளவாடிப் பக்கம் மக்காச்சோளமும் கரும்பும் காட்டை ஒட்டியே நிற்கின்றன. யானை எங்கே போகும்?

வெட்டினால் போகாதா? போகாது. தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். இயந்திரத்தால் பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, உறங்கும் விதைகள் முளைக்கும். அதனால் கொத்தால் மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், இரண்டு மூன்று விரல் அளவு, ஆணிவேரை வெட்டுகிறார்கள். பிறகு புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் பழையபடி பிடித்துக்கொள்ளும். தீ பட்ட இடத்தில் இந்த வேலை எளிது, முள்ளும் குச்சியும் எரிந்து கட்டை கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தை விட்டுவிட்டு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் என்ன பலன்?

இந்தக் கைவேலையைக் காடு அறிந்தவர்தான் செய்ய முடியும். ஊராளி, சோளகர், இருளர் குடும்பங்களுக்கு அது கூலி. வெட்டிய குச்சியும் வீணாவதில்லை. வெந்நீரில் வேகவைத்தால் பட்டை உரியும், குச்சி வளையும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதில் நாற்காலியும் கூடையும் பின்னுகிறார்கள். முதுமலைப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் யானைப் பொம்மையே செய்கிறார்கள். நாற்காலி விற்றால் உண்ணியை வளர்க்கத் தொடங்கிவிட மாட்டார்களா என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிற உண்ணியை வெட்டி முடித்த பிறகு அதைப் பற்றிக் கவலைப்படலாம்.

சிக்கல் இரண்டாம் வருடத்தில்தான். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல் விதைத்து, இரண்டு மூன்று மழைக்காலம் திரும்பத் திரும்பப் போய் உண்ணிக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். முதல் வருடத்தோடு கூலி நின்றால் பட்ட பாடெல்லாம் போச்சு. கன்றைத் தேடிக் காடு முழுக்க அலைய வேண்டியதில்லை. பழம் தின்ற குருவி வந்து உட்காரும் மரத்தடியில் பார்த்தால் போதும், அங்கேதான் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கும்.