காப்புப்பிரதி அல்ல, கைகாவல்

"கையடக்க ஜிபிஎஸ்ஸைக் காப்புப்பிரதி விமானக் கருவியாகப் பயன்படுத்தலாம்." சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கான ஒரு காணொளியின் அடியில் ஓடிய தமிழ் வரி இது. பிரதி என்றால் நகல். எந்தக் கருவியை யார் எங்கே நகலெடுத்தார்கள்? முதல் முறை படித்தபோது சிரித்தேன். அதே தொடரை வேறு இரண்டு இடங்களில் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

இங்கே 'காப்புப்பிரதி' என்று பெயர்த்திருப்பது பேக்கப் (backup) என்ற ஆங்கிலச் சொல்லை. அது முதுகைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. பின்னால் நின்று தாங்குவது பழைய பொருள். முதன்மையானது கைவிட்டால் எடுத்தாள்வதற்கு இருப்பது அடுத்த பொருள். கோப்பின் நகல் என்பது கணினிக்காரர்கள் பின்னால் சேர்த்தது. நமக்கு இந்தச் சொல் பெரும்பாலும் கணினியோடு பழக்கமானதால் கடைசிப் பொருளே மொழிபெயர்ப்பாளர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

சரி, பிரதியை வெட்டிவிட்டுக் 'காப்புக் கருவி' என்றால் போதாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது என்பதைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. காப்பு என்றால் தமிழ்க் காதுக்குப் பாதுகாப்பு. கையில் போடும் வளை. நூலின் தொடக்கத்தில் இடையூறு வராமலிருக்கப் பாடும் செய்யுள். காப்புக் கருவி என்று படிப்பவர் உயிர்காப்பு மிதவையையும் பாராசூட்டையும்தான் நினைப்பார். இந்தப் பெட்டி யாரையும் காப்பாற்றுவதில்லை. சில எண்களைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'காப்பு' என்ற சொல் இல்லாத நம்பிக்கையை ஊட்டுகிறது.

பல சிறு விமானங்களில் விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டுபவை கைரோக்கள், அதாவது சுழலும்போது தன் திசையை விடாமல் பிடித்திருக்கும் சிறு சக்கரங்கள். அவற்றைச் சுழற்றுவது காற்றை உறிஞ்சும் ஒரு வெற்றிட பம்ப். மேகத்துக்குள் இருக்கும்போது பம்ப் நின்றுபோனால் கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சமநிலையை உணர்த்தும் உள்காது பொய் சொல்லும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். ஒவ்வொருவரும் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 விநாடி ஆனது. மூன்று நிமிடம்கூட இல்லை.

அந்த நேரத்தில் மடியிலிருக்கும் ஜிபிஎஸ் உதவும்தான். விமானத்தின் மின்சாரம் முழுக்க அணைந்தாலும் அது தன் பேட்டரியில் ஓடும். சில கையடக்க மாடல்களில் விமானத்தின் கருவிப் பலகையைப் போலவே வட்டங்களும் முட்களும் வரைந்த ஒரு பக்கமே உண்டு. ஆனால் அந்த முட்கள் எல்லாம் செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கணக்கிட்டு அதிலிருந்து பிழிந்தெடுத்தவை. சாய்வை அது அளப்பதில்லை. பாதை வளைவதைப் பார்த்து விமானம் திரும்புகிறது என்று ஊகிக்கிறது, அதையும் சற்றுத் தாமதமாக. வேகம் என்று காட்டுவது தரைமேல் போகும் வேகம். இறக்கைக்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை, காற்றைப் பற்றித்தான் கவலை. 50 நாட் வேகத்துக்குக் கீழே (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) தூக்குவிசை போதாமல் போகும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து 20 நாட் காற்று தள்ளும்போது ஜிபிஎஸ் 65 என்று நிம்மதியாகக் காட்டும். காற்றில் உண்மையான வேகம் 45 மட்டுமே.

ஆக நமக்கு வேண்டிய சொல், 'அசலுக்குச் சமமில்லை, ஆனாலும் கையில் இருக்கட்டும்' என்ற தொனியைத் தர வேண்டும்.

'மாற்றுக் கருவி' ஆகாது. மாற்று என்றால் அதை எடுத்துவிட்டு இதை வைக்கலாம் என்று பொருள். 'துணைக் கருவி' எப்போதும் கூடவே வேலை செய்வது. 'பின்னாதரவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ்ச் சட்டை போட்டால் அது தமிழாகிவிடாது.

கொஞ்சம் மயங்க வைத்தது 'சேமக் கருவி'. பழைய போர்க்கள வருணனைகளில் சேமத்தேர் உண்டு: ஏறிய தேர் உடைந்தால் ஏறிக்கொள்ள வைத்திருக்கும் தேர். அழகான சொல். சேமம் வடமொழி க்ஷேமம் என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். சேமிப்பைக் கைவிடாதவர்கள் சேமத்தைக் கைவிடச் சொல்வது எனக்குப் புரியவில்லை. என் தயக்கம் வேறு. சேமத்தேரும் தேர்தான். அதில் ஏறியவன் போரைத் தொடரலாம். கையடக்க ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடரக் கூடாது. பாதையை நேராகப் பிடித்து, மேகத்தை விட்டு வெளியேறி, பக்கத்தில் எங்காவது இறங்க வேண்டும்.

இதற்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது. "இதையும் எடுத்துட்டுப் போ, கைகாவலா இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சமயத்துக்கு உதவும் என்று கையோடு வைத்துக்கொள்வது கைகாவல். அது முழுத் தேவையையும் நிறைவேற்றும் என்று யாரும் நினைப்பதில்லை. இல்லாமல் போவதற்கு இது மேல், அவ்வளவுதான். கையில் பிடிக்கும் கருவிக்குக் 'கை'யில் தொடங்கும் சொல் அமைந்தது தற்செயல், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. இதிலும் 'காவல்' இருக்கிறதே, காப்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்கலாம். தனிச்சொற்களைக் கூட்டினால் தொடரின் பொருள் வந்துவிடாது. கைகாவல் என்று கேட்டதும் யாரும் காவல்காரனை நினைப்பதில்லை.

அந்த வரியில் 'விமானக் கருவி'யும் தவறுதான். சக்கரத்தை மடக்கும் பொறியும் விமானக் கருவிதானே? பறக்கும் நிலையைக் காட்டுவதைப் பறப்புக் கருவி என்றால் குழப்பமில்லை. அகராதியைத் திறந்து முதலில் கிடைக்கும் சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அதிகம்தான். எழுதியது மனிதர்தானா என்பதே சந்தேகம். ஜிபிஎஸ்ஸுக்கு 'புவியிடங்காட்டி' என்று பெயர் வைத்தவர் எவ்வளவோ மேல்: காட்டுவது இடத்தை மட்டுமே என்பது பெயரிலேயே இருக்கிறது.

பெரிய விமானங்களின் பலகையில், மற்றவை அணைந்தாலும் தன் வழியில் இயங்கும்படி பொருத்தி, சான்றளித்து வைத்திருக்கும் சிறு கருவி இருக்கிறதே, அதற்கு வேண்டுமானால் சேமக் கருவி என்ற பெயரைக் கொடுங்கள். அது உண்மையிலேயே சேமத்தேர். மடியில் கிடக்கும் பெட்டிக்குக் கைகாவல் போதும்.